கதிர் பொறுக்கும் பெண்களும் நாலாவது பங்கும்

சம்பா அறுவடை முடிந்த வயலில் பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குவதை நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் தை, மாசி மாதங்களில் தினமும் நடந்த வேலை அது. அரி அரியாக அறுத்துப் போட்டு, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போனதும் வயல் காலியாகும். அப்புறம்தான் அவங்க இறங்குவாங்க. வயசான அம்மா, புருஷன் இல்லாத பொம்பளை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. தாளுக்கு நடுவே கிடக்கிற ஒவ்வொரு கதிராக எடுத்து மடியில் சேர்ப்பாங்க. சாயங்காலம் ஒரு படி, ரெண்டு படி நெல் தேறும். அது அன்றைக்கு ஒரு வீட்டுச் சோறு.

இதே வேலையை ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள் இரண்டு பேர் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று 1857இல் வரைந்தது, பாரிஸ் நகரத்து ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று 1889இல் வரைந்தது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: 'கதிர் பொறுக்கும் பெண்கள்'.

ஓவியத்துக்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விளைந்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை அந்த ஓவியங்கள் கேட்கின்றன. அறுவடை இயந்திரம் வந்த பிறகு நாம் கேட்க மறந்துவிட்ட கேள்வியும் அதுதான். அதனால் இந்தப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குதிரை மேல் இருப்பவர் யார்?

முதல் படத்தை வரைந்தவர் ழான் பிரான்சுவா மில்லே. 1814இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் அப்பாவோடு வயல் வேலை செய்து, அதன்பிறகே ஓவியம் கற்கப் போனவர். அதனால் குனிந்து வேலை செய்கிற முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

படம் சுமார் மூன்றரை அடி அகலம். முன்னால் மூன்று பெண்கள். இரண்டு பேர் நன்றாகக் குனிந்து தரையில் கை வைத்திருக்கிறார்கள். மூன்றாமவள் பாதி குனிந்திருக்கிறாள். கையில் இருப்பது நாலைந்து கோதுமைக் கதிர். முகம் சரியாகத் தெரியவில்லை. துணி கட்டிய தலை, வளைந்த முதுகு, காய்த்துப்போன கை, இவைதான் தெரிகின்றன.

இனி படத்தின் பின்பக்கம் பாருங்கள். தூரத்தில், நல்ல வெயிலில், மலை மாதிரி கோதுமைப் போர். வண்டியில் கட்டு ஏற்றுகிறார்கள். அறுவடை ஆட்கள் கும்பலாக வேலை செய்கிறார்கள். வலது ஓரத்தில் குதிரை மேல் ஒரு ஆள். பண்ணையை மேற்பார்க்கிறவர். நம்ம பக்கம் காரியக்காரர் வரப்பில் குடை பிடித்து நின்ற மாதிரி அவர் அங்கே நிற்கிறார்.

அவ்வளவு விளைச்சல் பின்னால் இருக்க, முன்னால் இந்த மூன்று பேர் கையில் நாலு கதிர். மில்லே வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் 1857இல் பாரிஸ் கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தபோது வசதியானவர்கள் பலர் எரிச்சலடைந்தார்கள். 1848இல் அங்கே ஒரு புரட்சி நடந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ஏழைகளை இவ்வளவு பெரிதாக முன்னால் நிறுத்துவது அவர்களுக்கு மிரட்டல் மாதிரி தெரிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி, இப்படிக் கம்பீரமாக வரையத் தகுந்தவர்கள் ராஜாக்களும் தெய்வங்களும்தான். கதிர் பொறுக்குகிறவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததுதான் மில்லே செய்த 'குற்றம்'.

உழவு சாலைச் சுரண்டல் என்று சொன்னவர்கள்

இரண்டாவது படத்தை வரைந்தவர் காமீல் பிஸாரோ. இவர் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற ஓவியக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விஷயம் எளிமையானது.

அதற்கு முன்னால் ஓவியர்கள் பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்துதான் படத்தை முடிப்பார்கள். இலை என்றால் பச்சை, மண் என்றால் பழுப்பு, நிழல் என்றால் கறுப்பு என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். இவர்கள் நேராக வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போய், அந்த நேரத்து வெளிச்சத்தில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வேகவேகமாகத் தீட்டினார்கள். 1841இல் தகரக் குழாயில் அடைத்த சாயம் வந்தது இதற்குப் பெரிய உதவி. சாயத்தைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். காலையில் ஒரு நிறம், உச்சியில் ஒரு நிறம், பொழுது சாய்ந்தால் வேறு நிறம் என்று வயல் மாறுவதை அவர்கள் பிடித்தார்கள். தினம் விடிகாலையில் வயல் சுற்றுகிற உழவருக்கு இது புதுச் செய்தி இல்லை. ஓவிய உலகத்துக்கு அன்று புதிது.

1874இல் பாரிசில் இவர்கள் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். பிஸாரோ அதில் வைத்த படங்களில் ஒன்று 'உறைபனி'. 1873இல் வரைந்தது. ஒரு வயசான ஆள் முதுகில் சுள்ளிக்கட்டைச் சுமந்து, கோல் ஊன்றி, உழுத வயல் ஓரம் நடந்து போகிறார். பனி படிந்த உழவு சால்கள் வரிவரியாக மேட்டில் ஏறுகின்றன. படத்துக்கு வெளியே இருக்கும் மரங்களின் நிழல் அந்தச் சால்களின் குறுக்கே நீலமாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் படம்.

இதைப் பார்த்த லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் கிண்டல் செய்து எழுதினார். இது உழவு சால் இல்லை, சாயத்தட்டைச் சுரண்டி அழுக்குத் துணியில் அப்பியது என்பது அவருடைய எழுத்தின் சாரம். பட்டணத்துக் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. நம்மில் ஒருவர் பார்த்திருந்தால், ஈரம் இருக்கிற மண், நேற்று முந்தாநாள் உழுதது, மேட்டுப்பக்கம் வெயில் முதலில் படுகிறது என்று சொல்லியிருப்பார். மார்கழிப் பனியில் நனைந்த கரம்பை மண் காலை வெயிலில் எத்தனை நிறம் காட்டும் என்று நமக்குத் தெரியும்.

எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகள் 1874 முதல் 1886 வரை நடந்தன. எட்டிலும் படம் வைத்த ஒரே ஆள் பிஸாரோதான். அவர் மனைவி ழூலி கிராமத்துப் பெண். திராட்சை விவசாயக் குடும்பம். பிஸாரோவின் படங்கள் விற்காத காலத்தில் காய்கறித் தோட்டம் போட்டு, கோழியும் முயலும் வளர்த்து அந்தப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். 1884இல் அவர்கள் எரானி என்ற சின்ன கிராமத்துக்குக் குடிபோனார்கள். பிஸாரோ 1903இல் இறக்கும் வரை அதுதான் அவர்கள் ஊர். ஆப்பிள் பறிப்பது, வைக்கோல் அள்ளுவது, மாடு மேய்ப்பது, சந்தையில் விற்பது என்று அந்த ஊர் வாழ்க்கையை அவர் வருஷக்கணக்காக வரைந்தார்.

1889இல் அவர் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்க'ளில் வெளிச்சம் வயல் முழுக்கப் பரவியிருக்கிறது. சின்னச் சின்னப் புள்ளியாக, கோடாகத் தீட்டியிருக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த நிறங்கள் எட்டி நின்று பார்க்கும்போது கலந்து அறுவடை வெயிலாக ஆகின்றன. மெனக்கெட்ட வேலை. நாற்று நடுவது மாதிரி ஒவ்வொரு புள்ளியாக வைக்க வேண்டும். சில வருஷத்தில் அந்த முறையை அவரே விட்டுவிட்டார்.

மில்லேயைப் பின்பற்றுகிறவர் என்று தன்னைச் சொல்வது பிஸாரோவுக்குப் பிடிக்கவில்லை. மில்லேயின் குடியானவர்கள் வேதாகமக் கதையில் வருகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. இவருடைய படங்களில் பெண்கள் வேலை செய்கிறார்கள், ஓய்வும் எடுக்கிறார்கள். 1890களின் தொடக்கத்தில் அவர் வரைந்த ஒரு பெரிய படத்தில் இரண்டு இளம்பெண்கள் மண்வெட்டியை வைத்துக்கொண்டு வயலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே நம்ம வரப்பில் உட்கார்ந்து வெத்திலை போடுகிறவர்கள் மாதிரி. குடியானவர்களைப் பரிதாபத்துக்காக மட்டும் காட்டக் கூடாது என்பதை அவர் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பிஸாரோவைத் தங்கள் குருவாக மதித்தவர்கள் செசான், கோகன் என்ற இரண்டு ஓவியர்கள். அவர்கள் படங்களைப் பாரிசில் பார்த்துப் பழகியவர் நம் நாட்டு அம்ரிதா ஷெர்கில். இந்தியா திரும்பி, தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்த பிறகு 1937இல் அவர் வரைந்த படங்களில் ஒன்று சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்து மக்களைப் பற்றியது. அந்தத் தொடர்பு இப்படி நம்ம பக்கம் வரைக்கும் வருகிறது.

பொறுக்குவது பிச்சையா, உரிமையா?

படத்தை விட்டு வயலுக்கு வருவோம். அந்தப் பெண்களை அந்த வயலுக்குள் யார் விட்டார்கள்?

பிரான்சில் அதற்குச் சட்டம் இருந்தது. 1554இல் இரண்டாம் ஹென்றி ராஜா போட்ட ஆணைப்படி, அறுவடைக் கூலிக்குப் போக முடியாத வயசானவர்களும் ஊனமுற்றவர்களும் சின்னப் பிள்ளைகளும் கதிர் பொறுக்கலாம். பின்னால் வந்த சட்டத்தில் நிபந்தனைகள் வந்தன. வயல் முழுக்கக் காலியான பிறகுதான் இறங்கணும். சூரியன் உதித்து மறைவதற்குள் பொறுக்கி முடிக்கணும். கையால்தான் எடுக்கணும். மில்லே வரைந்த காலத்தில் நிலச்சொந்தக்காரர்கள் அந்த உரிமையையும் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் 1788இலேயே ஒரு நீதிமன்றம், கதிர் பொறுக்குவது ஏழைகளின் உரிமை ஆகாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

நம்ம ஊரில் எழுதின சட்டம் இல்லை, வழக்கம் இருந்தது. களத்தில் பொலி தூற்றி முடித்ததும் முதலில் அளப்பது மற்றவர்கள் பங்கை. அறுத்தவர்களுக்குக் கூலி நெல். தண்ணி பாய்ச்சினவர், தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், முடிதிருத்துகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் மரக்கால் கணக்கு. இதைச் 'சுதந்திரம்' என்றே நம்ம பக்கம் சொல்லுவாங்க. இந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மிச்சம் இருந்தது வயலில் சிந்தின கதிர். அதையும் தாண்டி, எலி வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லை வெட்டி எடுக்கிற இருளர் குடும்பங்கள் உண்டு. குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் பூமியில் மல்லாட்டை பிடுங்கின பிறகு மண்ணுக்குள் தங்கினதைக் கிளறி எடுப்பாங்க. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கடைசியாக உதிர்ந்த கொட்டையைப் பிள்ளைகள் பொறுக்குவாங்க. இது எல்லாமே அந்த வகைதான்.

இதை நல்ல காலம் என்று பூசி மெழுகிவிடக் கூடாது. அந்தப் பங்கு முறைக்குள் சாதி இருந்தது. யார் களத்துக்குள் வரலாம், யார் ஓரத்தில் நிற்கணும் என்று இருந்தது. ஒரு நாள் முழுக்க அறுத்தவளே சாயங்காலம் கதிர் பொறுக்கவும் வேண்டியிருந்தது என்றால், கூலி போதவில்லை என்றுதானே அர்த்தம்? கொள்ளிடத்துக்குத் தெற்கே, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பின்னணியில் இருந்தது கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம். நெல்லின் பங்கு என்பது நம்ம மண்ணில் உயிர் போகிற விஷயமாக இருந்திருக்கிறது.

நாற்பது வேலியும் நந்தனும்

பிரான்சில் மில்லே அந்தப் படத்தை வரைந்த அதே காலத்தில், நம்ம பக்கம் ஒருவர் சாயத்தால் இல்லாமல் பாட்டால் ஒரு பண்ணையாளை வரைந்தார். அவர் கோபாலகிருஷ்ண பாரதி. மாயவரம் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவர் எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சானது. காரைக்கால் அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன நந்தனாருக்கும் பாரதியின் நந்தனுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனாருக்குப் பண்ணை எஜமான் கிடையாது. பாரதிதான் அந்த எஜமானை உண்டாக்கினார். சிதம்பரம் போகணும் என்று கேட்கிற பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் எஜமான். மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரு ஆளால் முடிகிற காரியமா? கதையில் ஒரே ராத்திரியில் தெய்வம் முடித்துக் கொடுக்கிறது.

தன் காலத்துப் பண்ணையாளின் நிலையைத்தான் பாரதி பழைய நந்தன் மேல் ஏற்றிப் பாடினார். அன்றைய பெரிய புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குப் பாராட்டுப் பாடல் தர முதலில் மனசில்லாமல் இருந்தார். மூலத்திலிருந்து மாறியிருக்கு, இலக்கணப் பிழையும் இருக்கு என்பது அவர் குறை. பாரதியே பாடக் கேட்டு உருகின பிறகுதான் எழுதிக் கொடுத்தார். மில்லேயின் படத்துக்கு முகம் சுளித்தவர்களும் இந்தப் பாட்டுக்குத் தயங்கினவர்களும் ஒரே காலத்து ஆட்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வயலில் குனிந்தவனை நடுவில் நிறுத்தினால் எங்கேயும் முதலில் ஒரு தயக்கம் வருகிறது.

வண்டி வந்த பிறகு

இப்போது நாற்பது வேலியை ராத்திரியோடு ராத்திரியாக அறுக்கத் தெய்வம் வர வேண்டியதில்லை. நாலைந்து செயின் வண்டி இருந்தால் சில நாளில் முடிந்துவிடும். வண்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆள் கிடைப்பதில்லை. கடைமடையில் பின்பருவ மழை எப்போது வந்து கதிரைச் சாய்க்கும் என்று தெரியாது. மழைக்கு முன்னால் நெல்லைக் கரையேற்ற வண்டிதான் வழி என்று ஆகிவிட்டது. பெண்களின் முதுகுக்கு ஒரு ஓய்வும் கிடைத்திருக்கிறது.

ஆனால் வண்டி வந்தபோது பங்கு முறை மாறியதைக் கவனிக்கணும். அரிவாள் அறுவடையில் கதிர் கதிராகச் சிந்தும், அதைப் பொறுக்கலாம். வண்டி மணி மணியாகச் சிந்துகிறது. அடித்த வைக்கோலோடு சேற்றில் விழுந்த மணியை எந்தக் கையாலும் பொறுக்க முடியாது. அது வாத்துக்கும் கொக்கு குருவிக்கும் போகிறது. அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்களும், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கிடை போட வருகிற கீதாரிகளும் இன்றும் வருகிறார்கள். கதிர் பொறுக்கினவர்களுக்கு மட்டும் இடம் போய்விட்டது.

மண்ணின் பங்கும் மாறியிருக்கு. நம்மாழ்வார் ஐயா போகிற இடமெல்லாம் சொன்ன பழமொழி நமக்குத் தெரியும்: நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர்தான் அவர். அந்தப் படிப்பு சொல்லாத கணக்கைக் குடியானவர்களிடம் கற்று நமக்குத் திருப்பிக் கொடுத்தார். வண்டி அறுவடையில் நுனி மட்டும் பத்திரமாக வீட்டுக்கு வருகிறது. நடு நொறுங்கிப்போன வைக்கோலாகக் கிடக்கிறது, மாடு அவ்வளவு விரும்புவதில்லை. உருளையாகக் கட்டி வெளியூர் வியாபாரிக்குப் போனால் மாட்டுக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை. மிச்சத்தைக் கொளுத்துகிறவர்களும் உண்டு.

இன்னொரு பங்கு உளுந்து, பச்சைப்பயறு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னால், மெழுகுப் பதம் இருக்கும் வயலில் பயறைத் தெளித்துவிடுவது நம்ம வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தைப் பனியிலும் அது விளைந்துவிடும். தண்ணி பாய்ச்ச வேண்டாம், உழவும் வேண்டாம், மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். வண்டி ஏறினால் முளைத்தது நசுங்குகிறது, ஈர நிலத்தில் செயின் தடம் பள்ளமாகிறது. அறுத்த பிறகு தெளிக்கலாம் என்றால் பதம் தப்பிவிடுகிறது. ஒரு வருமானமும், மண்ணுக்கு வர வேண்டிய சத்தும் சேர்ந்தே குறைகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாத்தையும் அரிவாளால் அறுங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் இயற்கை விவசாயம் செய்கிற நாம் சிலவற்றை யோசித்துச் செய்யலாம்.

முதலாவது, விதைக்கு விடுகிற பகுதியைக் கையால் அறுப்பது. போன வயலில் அறுத்த நெல்லும் களை விதையும் வண்டிக்குள் தங்கி நம்ம நெல்லோடு கலந்துவிடும். சீரகச் சம்பா, கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா என்று ரகம் காக்கிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம். கலவன் எடுத்து, கையால் அறுத்து, தனியாக அடித்தால்தான் விதை சுத்தமாக இருக்கும். ஐந்து மா வைத்திருப்பவர் அரை மாவைக் கையால் அறுக்கலாம்.

இரண்டாவது, உளுந்து தெளிக்கும் வயலில் ஒரு பகுதியையாவது அரிவாளுக்கு ஒதுக்குவது. கூலிச் செலவை நெல்லின் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். உளுந்தின் வரவையும், மாட்டுக்குக் கிடைக்கும் முழு வைக்கோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை வேறு மாதிரி வரலாம். நாலைந்து உழவர்கள் சேர்ந்து நாள் மாற்றி அறுத்தால் ஆள் பிரச்சினையும் கொஞ்சம் குறையும்.

மூன்றாவது, வண்டிதான் என்றால் வைக்கோலை வயலுக்கே விடுவது. விற்றே ஆகணும் என்றால் ஒரு பங்கையாவது நிறுத்திவைத்து மூடாக்காகவோ மட்காகவோ மண்ணுக்குத் திருப்புங்கள். தீ மட்டும் வேண்டாம்.

நான்காவது, கையால் அறுத்த இடத்தில் கதிர் பொறுக்க யாராவது வந்தால் விரட்டாமல் இருப்பது. பொறுக்குகிறதைக் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது. கூலி கூலியாக முழுசாக இருக்கணும். சிந்தினது தனி. அது அவர்களுடையது.

இந்த மாதிரி ஒரு படத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் காட்டி, உங்க ஊர் வயலில் யார் யார் என்ன செய்கிறாங்களோ அதை வரைந்து வாங்க என்று சொல்லலாம். டிராக்டரையும் தென்னை மரத்தையும் வரைந்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அப்போது கேளுங்கள்: களை எடுத்தது யார், நாற்று முடி கட்டினது யார், அவங்க படத்தில் எங்கே?

அறுவடை முடிந்து கண்டுமுதல் கணக்கு எழுதும்போது மூட்டை எத்தனை, விலை எவ்வளவு என்று எழுதுகிறோம். இந்த வருஷம் அதே பக்கத்தில் இன்னும் ஒரு பத்தி போடுங்கள். மாட்டுக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு, வேலை செய்த கைகளுக்கு எவ்வளவு, ஒன்றும் இல்லாமல் வந்து நின்றவருக்கு எவ்வளவு. பழமொழி மூன்று பங்கு சொன்னது. நாலாவது பங்கை அந்தப் படங்களில் குனிந்திருக்கும் பெண்கள் நினைவூட்டுகிறார்கள். பத்தி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவையுங்கள். அடுத்த தையில் எதை மாற்றலாம் என்று அதைப் பார்த்தால் தெரியும்.